சுண்ணாம்பு தடவிய புளி

திண்டுக்கல்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

அன்பு மகன் ஃபயாஸுக்கு அம்மா ஜைத்தூன் சலாம் சொல்லி எழுதுவது. ஓசூரில் நீயும் ரஃபியாவும் பேத்தி ஃபாயிஸாவும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். சர்க்கரை ஏறுகிறது, இறங்குகிறது. வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இடது கண் மங்கல்தான்.

போனில் பேசலாமே என்பாய். பேசினால் பழசெல்லாம் வாய்க்கு முந்திக்கொண்டு வந்துவிடும். மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கு எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. அதனால் கோபமும் மெதுவாக வருகிறது.

உன் அத்தாவின் தொட்டிப் புளியமரத்தைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். தான் வேலை பார்த்த தோல்ஷாப்புச் சுவர் வெடிப்பில் முளைத்துக் கிடந்ததைப் பிடுங்கி வந்து, முப்பத்தாறு வருஷம் முழ உயரத்துக்கு மேல் விடாமல் வளர்த்தார். அடிமரம் என் கெண்டைக்கால் கனம். அவர் மௌத்தாகி நாற்பதாம் நாள் ஃபாத்திஹா அன்று, அதை ஓசூருக்குக் கொண்டுபோகிறேன் என்றாய். சரி என்றேன். கார்க் கதவுக்குள் நுழையவில்லை என்று ஆக்ஸா பிளேடை எடுத்து இடப்பக்கக் கிளையை அறுத்தாய். அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. நீ நீலக்கோடு போட்ட சட்டை போட்டிருந்தாய். "ஒரு கொப்புதானம்மா, தழைச்சுக்கும்" என்றாய். அத்தனை சொந்தங்களுக்கு முன்னால், "உங்க அத்தா கையவே அறுத்துட்டியேடா பாவி! இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்றேன் நான். மரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனவன், ரெண்டு வருஷமாக மிதிக்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது.

நீ போன மறுநாள், வெட்டுவாயில் பூச்சி ஏறக்கூடாதென்று வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து அப்பினேன். ரோட்டோரப் புளிக்கெல்லாம் பூசுகிறார்களே என்ற நினைப்பு. வாராவாரம் அப்பினேன். தோல்ஷாப்புக்காரர் பெண்டாட்டிக்குத் தெரிய வேண்டாமா? ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவதே மயிரும் மேல்தோலும் கழலத்தானே! வெட்டைச் சுற்றிப் பட்டை செத்து, அப்பளம்போல் பெயர்ந்து வந்தது. நீ வெட்டியது ஒரு ரூபாய்க் காசு அகலம். நான் ஆக்கியது டீ கிளாஸ் வாயகலம்.

வந்தவர்களையெல்லாம் மரம் இருக்கும் மாடிக்குக் கூட்டிப்போய், "எம்மவன் செஞ்ச வேலையப் பாருங்க" என்று காட்டினேன். சுண்ணாம்பைச் சொல்லவில்லை.

இலையும் உதிரத் தொடங்கியபோதுதான் பயந்து, வத்தலக்குண்டு ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் பொம்மையனை வரவழைத்தேன். பார்த்ததும், "ஏந்தாயி, புண்ணுல யாராச்சும் சுண்ணாம்ப அப்புவாகளா? மரம் வாயத் தொறக்காதுங்கிற தைரியமா?" என்றான். அதை நான் மறக்கப்போவதில்லை. ஆனால் கைகாரன். செத்த பட்டையைச் சுரண்டி, பச்சை தெரியும்வரை ஓரத்தைச் சீவி, காயாமல் இருக்கச் சிறுமலைத் தேன்மெழுகை உருக்கித் தடவினான். வெட்டுக்குப் பக்கத்தில் முளைத்த கொழுந்தை, அத்தா மாதிரியே நான் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். "அதக் கிள்ளாதீக. அது ஓட ஓடத்தான் சாறு அந்தப் பக்கம் வரும், பட்டையும் கூடவே வரும்" என்றான். இப்போது அது ஒரு கை நீளத்துக்கு ஓடி, மரம் தலைசீவாத பிள்ளை மாதிரி நிற்கிறது. நான் தொடவில்லை.

சுற்றிலும் பட்டை உதடு போலத் தடித்து, உருண்டு வந்து, முக்கால்வாசி மூடிவிட்டது. ஒரு மாதமாக மட்டும் நகராமல் நிற்கிறது. ஓரத்தை மயிரிழை சீவிவிட்டால் மறுபடி நகருமாம். பொம்மையன் கத்தியை எடுத்தான். இன்னைக்கு வேண்டாமப்பா என்று டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

போன வாரம் உன் மாமி வந்தாள். அவளிடம் சுண்ணாம்பை முதன்முதலாகச் சொன்னேன். "இம்புட்டு நாளா அந்தப் புள்ளையவா ஏசிக்கிட்டிருந்தீக?" என்று சிரித்தாள். சிரித்ததைக் கணக்கில் வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறேன்.

ரஃபியாவுக்கு என் துஆ. என் நெய்ச்சோறு குழைந்துவிட்டது என்று கல்யாணமான மூன்றாம் நாள் சொன்னாளே, அவள் வந்தால் உதிரி உதிரியாக ஆக்கிப் போடுவேன். ஃபாயிஸாவுக்குப் பல் விழுந்துவிட்டதாக உன் அக்கா சொன்னாள். நான் பார்ப்பதற்குள் முளைத்துவிடும் போலிருக்கிறது.

அத்தாவின் சின்னக் கத்தியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். என் கண்ணுக்கு அந்த மயிரிழை தெரியாது. பொம்மையன் நன்றாகவே செய்வான். ஆனாலும் அவனிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆடி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடப்பா. வெட்டச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். நீ சீவு. நான் தொட்டியை ஆடாமல் பிடித்துக்கொள்கிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

உன் கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்,
உன் அம்மா