அம்மனுக்குத் தோண்டிய ஊற்று

தை 3, சனி

பனி. எதிரே மாடு வந்தாலும் தெரியவில்லை. சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டர் பனிக்கு ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல் பக்கத்து வீட்டு சரசுவோடு பாலாற்றங்கரை. பெருமாள் கோயில், வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா (ஆந்தை இருக்கிறது), கடைசியில் கல் மண்டபம். ஒரு கீரி. மீன்கொத்தி. நாரை ஒன்றுகூட இல்லை.

"உன் வூட்டுக்காரரு லாரி சத்தத்துக்கு நாரை இன்னா, நானே ஓடிப்பூடுவேன்டி" என்றேன்.

சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிறவள். அவள் புருஷனுடையதுதான் மணல் லாரிகள்.

திங்கள் ஆற்றுத் திருவிழா. அம்மன் மண்டபத்தில் வந்து உட்காருவாள். எதிரே மணலில் ஊற்றுத் தோண்டி, ஒரு கை குடித்துப் பார்த்து, அவள் குளிக்க முதல் குடம் கொடுப்பது எங்கள் வீட்டு முறை. ஊற்று பொய்த்தால் மறுநாளே லாரிகளை மறிப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு. தோண்ட மணல் எங்கே மிச்சம்? எப்படியும் பொய்க்கும். அம்மன் குளிக்காமல் போவாளே என்றும் இருக்கிறது.

வாங்க: மஞ்சள், புதுக்குடம், முட்டிவலித் தைலம்.

தை 5, திங்கள்

மேளம், கூட்டம், வெயில். தோண்டினேன். சாண் ஆழத்திலேயே தண்ணீர். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன்.

சரசு புருஷன் முன்னால் வந்தான். "பாத்தீங்களா, ஆத்தா குடுத்துகினுதான் கீறா. லாரியால இன்னா கெட்டுப்போச்சு?"

ஒரு கை அள்ளிக் குடித்தேன். உப்பு. ஆற்று ஊற்று இளநீர் மாதிரி இருக்கும். இது சரசு வீட்டு போர்வெல் தண்ணீர். அவள் போடும் காபியில் தினமும் குடிக்கிற உப்பு, எனக்குத் தெரியாதா. மணல் போய்க் கீழே வெறும் களிமண். கொட்டிவைத்த தண்ணீர் இறங்காமல் நின்றிருக்கிறது.

"எப்டி கீது யக்கா?" பூசாரி.

"உப்பு கரிக்குது. யாரோ கொணாந்து ஊத்தின தண்ணி."

கூட்டம் மொத்தமும் சிரித்தது. "அக்காவுக்கு சாமிகிட்டயும் வெளாட்டு."

"நெஜமா சொல்றேன்யா."

இன்னும் சிரித்தார்கள். குடத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சரசு மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை 6, செவ்வாய்

பனி இல்லை. விடிந்ததிலிருந்து லாரி. மறிக்க ஒருத்தரும் போகவில்லை.

வாசலில் சரசு. "யக்கா, நடக்க வர்லியா?"

"முட்டி வலி."

"நெஜமாவா, வெளாட்டா?"

கதவைச் சாத்தினேன்.