வலிப்பு என்று எழுதிவிட்டார்கள்

ஏப்ரல் 27, திங்கள்

காலையிலிருந்தே அனல். அவசரப் பிரிவில் ஒரு ஃபேன் ஓடவில்லை. இ.சி.ஜி. தாள் தீரப்போகிறது, ஸ்டோருக்குச் சொல்ல வேண்டும். பௌர்ணமி வெள்ளிக்கிழமை. அதற்குள்ளாகவே கிரிவலக் கூட்டம். கால் கொப்புளம், வாந்தி, வெயில் மயக்கம்.

மதியம் ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். பெயர் வசந்தா, வயது நாற்பத்தாறு. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் பஸ் ஸ்டாண்டிலேயே விழுந்திருக்கிறார். நெற்றியில் வெட்டு. யாரோ கையில் திணித்த சாவிக்கொத்து, விரல்களுக்குள் அப்படியே.

கூட வந்த கணவர் ஏழுமலைக்கு அவசரம். "பழைய வலிப்புதாங்க டாக்டர். நெத்திக்குத் தையல் போட்டு வுட்டா போயிடுவோம். மல்லாட்ட புடுங்கற வேல கெடக்குது." நிலத்தில் கடலை அறுவடையாம்.

நான் வசந்தாவைக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். ரத்தம் பட்ட சட்டையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி அவரை வெளியே அனுப்பினேன். அதன் பிறகுதான் அந்த அம்மாவின் குரலே கேட்டது.

"வுழறதுக்கு முன்னாடி கண்ணு இருட்டிக்குங்க டாக்டரம்மா. எழுந்ததும் எல்லாம் தெளிவா இருக்கும். யார் யார் சுத்தி நிக்கறாங்கனு கரெக்டா சொல்லுவேன். வலிப்புக்காரங்க கொழம்பிப் போயி கெடப்பாங்களாமே. எனக்கு அப்டி ஒரு நாளும் இல்ல."

"இத உங்க டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். மாத்திரைய ஒழுங்கா சாப்புடுன்னாரு."

எத்தனையோ வருஷமாக வலிப்பு மாத்திரை. ஒரு இ.சி.ஜி. கூட இல்லை! நெஞ்சில் அந்த ஒயர்களை ஒட்டுவது இதுதான் முதல் தடவையாம். கூச்சப்பட்டுச் சிரித்தார்.

இ.சி.ஜி. தாளை விரித்து இரண்டு முறை பார்த்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் முதலில் ஒரு சின்ன மேடு வரும்: இதயத்தின் மேலறை. கொஞ்சம் இடைவெளி. பிறகு ஊசி மாதிரி ஓர் உயரம்: கீழறை. வசந்தாவுக்கு அந்த இடைவெளி ரொம்ப ஜாஸ்தி. ஊசியும் ஒல்லியாக இல்லை, அகலமாக, மேலே பிளந்து. மேலிருந்து கீழே மின்சாரம் போகிற பாதையில் பழுது. இப்போது தாமதமாகவாவது போய்ச் சேருகிறது. திடீரென்று மொத்தமாக நின்றால் கீழறை துடிக்காது. மூளைக்கு ரத்தம் போகாமல் ஆள் விழுவார், கை கால் வெட்டும். சுற்றி நிற்பவர்களுக்கு அது வலிப்பு.

பெரிய டாக்டரிடம் காட்டி, மானிட்டரில் வைத்துத் துடிப்பைக் கவனிக்கலாம் என்றேன். ஃபோனிலிருந்து பாதிக் கண்ணை எடுத்தார்.

"இது நெறைய பேருக்கு இருக்கும்மா. வலிப்புக்காரிக்கு எதுக்கு மானிட்டர்? பௌர்ணமிக்கு பெட் வேணாமா?"

"சார், இவங்க மயங்கி விழறாங்க. ஒரு நாளாவது பார்க்கணும்."

"உன் பொறுப்புன்னு எழுதி கையெழுத்துப் போட்டு வச்சுக்கோ."

போட்டேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது. வலிப்புக்காரியாம். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்றும் வெயில். டிபன் சாப்பிடவில்லை. அம்மா ஃபோன், எடுக்கவில்லை.

ரவுண்ட்ஸ் முடிந்து வசந்தாவிடம் கொஞ்ச நேரம் பேச்சு. ஏழுமலை நிலத்துக்குப் போய்விட்டார். இவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"அடுப்பாண்ட வுடமாட்டாங்க. கெணத்தாண்ட வுடமாட்டாங்க. பொண்ணு கல்யாணத்துல, மாப்ள வூட்டுக்காரங்க எதிர்ல வுழுந்துடப் போறேன்னு ரூம்லயே உக்கார வச்சிட்டாங்க. தாலி கட்டறத ஜன்னல் வழியாத்தான் பாத்தேன்."

அழவில்லை. ஏதோ விலைவாசி சொல்கிற மாதிரி சொன்னார்.

மதியம் சாப்பாட்டுத் தட்டு வந்த நேரம். நான் அடுத்த கட்டிலில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அலாரம். திரும்பிப் பார்த்தால் மானிட்டரில் சின்ன மேடுகள் மட்டும் வரிசையாகப் போகின்றன. அந்த ஊசி உயரம் ஒன்று கூட இல்லை. மேலறை பாட்டுக்கு வேலை செய்கிறது, கீழறைக்குச் செய்தி போகவே இல்லை. வசந்தாவின் கண் மேலே செருகியது, கை வெட்டி இழுத்தது. பக்கத்து நோயாளிக்குத் துணையிருந்த அம்மா "வலிப்பு, வலிப்பு! இரும்பு குடுங்க!" என்று ஒரு கரண்டியோடு ஓடி வந்தார். அவரைத் தள்ளிவிட்டு நெஞ்சை அழுத்தினேன். நர்ஸ் தேவி மருந்தை ஏற்றினாள். மானிட்டரில் ஓர் ஊசி எழுந்தது. பிறகு இன்னொன்று. மெதுவாக, அகலமாக, ஆனால் வந்துவிட்டது.

வசந்தா கண் திறந்தார். "ஏன் டாக்டரம்மா என் நெஞ்சப் போட்டுக் குத்துறீங்க?"

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மறுபடி நின்றால் வெளியிலிருந்து துடிக்க வைக்க நெஞ்சில் பட்டைகளை ஒட்டினோம். வேலூர் ஆஸ்பத்திரியில் பேசி ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பேஸ்மேக்கர் இன்றே வேண்டும்.

ஏழுமலை மண் காலோடு வந்து சேர்ந்தார். பெரிய டாக்டர் அவர் தோளில் கை வைத்து மானிட்டர் தாளைக் காட்டினார். "நல்ல வேள, மானிட்டர்ல வைக்கச் சொன்னேன். இல்லன்னா உங்க சம்சாரத்த இன்னைக்குப் பாத்திருக்க முடியாது."

சொன்னாராம்! நானும் தேவியும் பக்கத்திலேயே நிற்கிறோம். தேவி என் கையைக் கிள்ளினாள். சண்டை போட நேரமில்லை, ஆம்புலன்ஸ் வாசலில்.

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன் டாக்டர். மல்லாட்டய புடுங்கிட்டு சனிக்கெழம போலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்ட்ரெச்சரிலிருந்து வசந்தா: "நீ போயி மல்லாட்ட புடுங்கு. நான் வேலூர் போறேன். இத்தினி வருசமா எனக்கு இல்லாத நோவுக்கு என்ன ரூம்ல போட்டுப் பூட்டுனீங்க. இப்ப இருக்கற நோவுக்கு நானே போயிக்கறேன்."

ஏழுமலை மண் காலோடே ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

ஏப்ரல் 29, புதன்

வேலூரிலிருந்து ஏழுமலை ஃபோன். பேஸ்மேக்கர் வைத்தாயிற்று, நன்றாக இருக்கிறார். பேச்சு நடுவில் குரல் உடைந்துவிட்டது. "அவ வுழறப்ப நாடி புடிச்சுப் பாருன்னு ஒருத்தர் கூட சொல்லலியே டாக்டர். சொல்லியிருந்தா பாத்திருப்பேனே." அவர்மேல் இருந்த கோபம் பாதி போயிற்று. மீதி யார்மேல் போக வேண்டுமோ அங்கே போயிற்று.

பெரிய டாக்டர் இன்று எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். குடிக்கவில்லை.

மே 18, திங்கள்

நேற்று கோடை மழை, இன்று புழுக்கம். பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வசந்தா வந்தார், தனியாக, பஸ்ஸில். வலிப்பு மாத்திரையை வேலூரில் படிப்படியாகக் குறைக்கிறார்களாம். வரும் வழியில், அந்த மாத்திரை எழுதிக் கொடுத்த பழைய டாக்டரின் கிளினிக்குக்குப் போய் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ஏன் சார் நெஞ்சுக்குப் படம் எடுக்கலன்னு கேட்டேன். அப்பல்லாம் மிஷின் இல்லம்மான்னாரு. மிஷின் அவரு பின்னாடிதான் இருந்திச்சு டாக்டரம்மா. மேல ஈரத் துண்டு காயப் போட்டிருந்தாரு."

இருவரும் சிரித்தோம். அவர் போன பிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "வலிப்பு என்று யார் வந்தாலும் முதலில் நாடி, உடனே இ.சி.ஜி." அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டினேன். சாயங்காலம் பார்த்தால் தாள் குப்பைக் கூடையில். சுவரை அசிங்கம் பண்ணக் கூடாதென்று பெரிய டாக்டர் உத்தரவாம்.

கசங்கலை நீவி மறுபடி ஒட்டினேன். இந்த முறை காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி. நாலு பக்கமும்.