பீட்ரூட் என்று சொன்னேன்

3 டிசம்பர் 2024, பத்துபஸ்தி, அந்தமான்

இல்லை, ருசிக்காக இல்லை. ருசிக்காக மட்டும் இல்லை. சமைத்த மீனுக்குக் கண் இருக்கிறது, முள் இருக்கிறது, தெருமுனை வரை போகும் வாசனை இருக்கிறது. சோற்று உருண்டை மேல் பச்சை மீனை வைத்துத் தரும் சுஷிக்கு இவை எதுவும் இல்லை. தன்னை மீன் என்று ஒப்புக்கொள்ளாத மீன். அதனால்தான் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன்.

சென்னையில் எம்.ஏ. படித்தபோது முதல் முறை. பிறகு புதுச்சேரி, கொச்சி, பெங்களூரு. எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாளே தேடத் தொடங்கிவிடுகிறேன். இதுவரை பதினோரு கடைகள். நல்லவை இரண்டு. வாசலில் நின்று மூச்சை இழுப்பேன். மீன் வாசனை வந்தால் திரும்பிவிடுவேன். அடுத்தது சோறு. அதில் பிடித்த கையின் சூடு இருக்க வேண்டும்.

இப்போது அதுவே வேலையாகிவிட்டது. பெங்களூரில் பயண ஆப் நடத்தும் கௌதம் இன்று கூப்பிட்டான். "அந்தமான்ல நல்ல சுஷி எங்க கிடைக்கும்? மாசக் கடைசிக்குள்ள லிஸ்ட் வேணும். சுத்தி கடல், நீ ஐலேண்ட் பொண்ணு. உனக்கென்ன கஷ்டம்?"

என்ன கஷ்டம். இந்த வீட்டில் இருபது வருடமாக மீன் இல்லை.

5 டிசம்பர்

ஒரு முறையாவது நேராக எழுதிவிடுகிறேன்.

2004, டிசம்பர் 26. லிட்டில் அந்தமான் தீவில் ஹட் பே. எனக்கு ஐந்து வயது. அப்பா நாகலிங்கம், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை. காலையில் படகுத்துறைக்கு, ஜெட்டிப் பக்கம் போனார். கடல் உள்ளே வந்தது. அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். அவளுடைய மூச்சுச் சத்தம் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. அப்பாவின் உடல் கிடைக்கவில்லை.

அம்மா இன்னும் பொட்டு வைக்கிறாள். தாலியைக் கழற்றவில்லை. எந்த ஃபாரத்திலும் இறந்துவிட்டார் என்று எழுத விடமாட்டாள். சொந்தக்காரர்கள் திதி என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். "காணாமப் போனவருக்கு யாராச்சும் திதி குடுப்பாங்களா? அவரு வந்து நின்னா என்னா சொல்லுவ?"

ஆனால் மீன் மட்டும் கூடாது.

ஏழு வயதில் கேட்டேன். "அப்பா வந்துருவாருன்னா மீன் ஏன் திங்கக் கூடாது?" அறைந்தாள். என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அம்மாவின் வாய் அவர் இருக்கிறார் என்கிறது. அம்மாவின் தட்டு இல்லை என்கிறது. அந்தக் கடலில் மீன்கள் எதைத் தின்றன என்று தட்டுக்குத் தெரியும்.

நான் சாப்பிடுவது அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வருமுன் எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக்கொள்கிறேன். கொலை செய்தவள் மாதிரி.

8 டிசம்பர், ஹேவ்லாக் தீவு

ரிசார்ட். கண்ணாடிச் சுவர், கண்ணாடிக்கு அப்பால் கடல். சர்வர் பெருமையாகச் சொன்னான். "சாமன் மீன் மேடம். நார்வேலேர்ந்து. ஃப்ரோஸன்ல வருது." சுற்றிலும் இவ்வளவு தண்ணீர், மீன் விமானத்தில் வருகிறது. சோறு பல்லைக் கூசவைத்தது. மூன்று துண்டு தின்று எழுந்துவிட்டேன்.

திரும்பும் போட்டில் ஜன்னல் சீட் கிடைத்தது. வேண்டாம் என்று மாற்றிக்கொண்டேன். நான் கடலைப் பார்ப்பதில்லை. தின்கிறேன், பார்ப்பதில்லை. இதற்கு என்ன பெயர்?

9 டிசம்பர்

நீல் தீவில் ஒன்று. வாசலிலேயே திரும்பிவிட்டேன்.

12 டிசம்பர்

கண்டுபிடித்துவிட்டேன்.

சாத்தமிலிருந்து போட்டில் பாம்பூஃப்ளாட். பள்ளிப் பிள்ளைகள், ஸ்கூட்டர்கள், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு போனேன். ஜெட்டியிலிருந்து ஐந்து நிமிட நடை. டயர் கடைக்கு அடுத்து ஆறே ஆறு நாற்காலி. பலகையில் "ஓச்சா".

மூச்சை இழுத்தேன். காடிப் புளிப்பு, ஈர மரம். வேறு ஒன்றுமே இல்லை.

கடைக்காரர் பெயர் ஒச்சப்பன். ஐம்பது வயதிருக்கும். உசிலம்பட்டிப் பக்கம். சிங்கப்பூரில் ஒரு ஜப்பானியரிடம் ஒன்பது வருடம் கத்தி பிடித்தவர். "ஓச்சான்னா அவுங்க பாசையில டீயாம்மா. எனக்கென்னா தெரியும்? எங்க சாமி ஒச்சாண்டம்மன். ஆத்தா பேரச் சுருக்கி வச்சேன். டூரிஸ்ட்டுக வந்து உக்காந்து டீ குடுங்குறாய்ங்க. சரி போய்த் தொலையுதுன்னு இப்ப டீயும் போடுறேன்."

சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அடர்சிவப்பாக ஒரு துண்டை அறுத்து, சோற்றை உள்ளங்கையில் இரண்டு தரம் உருட்டி, மேலே படுக்கவைத்து என் முன்னால் வைத்தார்.

"என்ன மீனுண்ணே?"

"சூரை. காலையில எறங்குனது. லிட்டில் அந்தமான் பக்கம் பிடிச்சது. ஹட் பேக்காரன் போட்டு."

கை நின்றுவிட்டது. பிறகு எடுத்து வாயில் வைத்தேன். நான் தின்றதிலேயே நல்லது. கண் மூடியிருந்தது. எதைத் தேடுகிறேன் என்று இந்த முறை தெரிந்தே தேடினேன். ஒன்றும் இல்லை. குளிர்ச்சி, கொஞ்சம் இரும்பு, பிறகு இனிப்பு இல்லாத ஒரு இனிப்பு.

"பிடிக்கலையாம்மா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அப்பறம் ஏன் சாவு வீட்டுச் சோத்தத் திங்கிற மாதிரி திங்கிற?"

14 டிசம்பர்

எழுத முடியுமா என்று தெரியவில்லை.

கௌதமுக்கு ஜன்னல் வெளிச்சத்தில் படம் வேண்டுமாம். கடையில் கரண்ட் இல்லை, வெளியே மழை. ஆறு துண்டுகளைப் பெட்டியில் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு இதுவரை கொண்டுவந்ததே இல்லை. அம்மா வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் விட்டு வர ஐந்தாகும். அதற்குள் படம் எடுத்து, தின்று, பெட்டியைத் தூரத்துக் குப்பையில் போட்டுவிடலாம். நாலு மணி. தொப்பலாக நனைந்திருந்தேன். பெட்டியை ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்தான்.

வெளியே வந்தால் அம்மா. மழையென்று சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். ஈரப் புடவையோடு நின்றுகொண்டே தின்றுகொண்டிருக்கிறாள். பெட்டியில் இரண்டு மிச்சம்.

"என்னாடி இது, பீட்ரூட்டு வச்ச சோறா? பசிக்குதுன்னு தொறந்தேன். நல்லாருக்கே."

நான் ஆமாம்மா, ஜப்பான்காரன் சோறு என்றேன்.

ஏன் சொன்னேன்? துப்பு என்று கத்தியிருக்கணும். தட்டிவிட்டிருக்கணும். என்னால வாயத் தொறக்க முடியல. அவ இன்னொண்ண எடுத்தா. நான் பாத்துக்கிட்டே நின்னேன். அவ மென்னு முழுங்குறவரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்.

பக்கத்து வீட்டில் கருவாடு சுட்டால் ஜன்னலைச் சாத்துகிறவள். துளி வாசனை இருந்திருந்தால் பெட்டியைத் திறந்ததுமே தெரிந்திருக்கும். வாசனையே இல்லாத கடையைத்தான் ஊர் ஊராகத் தேடினேன். கண்டுபிடித்து நானே கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

15 டிசம்பர்

அம்மா நன்றாகத் தூங்கினாள். காலையில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே கோலம் போட்டாள். அவள் பாடிக் கேட்டதில்லை.

17 டிசம்பர்

அம்மா பக்கத்து வீட்டு டீச்சர் விஜயலட்சுமி அக்காவிடம் வேலிக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "ஜப்பான்காரன் சோறாம் டீச்சர். புளிப்பா, மேல பீட்ரூட்டு. ஏக்தம் அச்சா. வாயில வச்சா கரையுது."

அக்கா மெயின்லேண்டில் வாங்கிய ஊறுகாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருநாள் யாராவது சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். "அய்யோ, அது பச்ச மீனுல்ல!"

வேறு யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. என் வாயிலிருந்து வர வேண்டும். வராது.

19 டிசம்பர்

சாப்பிடும்போது அவள் வாயைப் பார்க்கிறேன். கீரை மெல்கிறாள். எனக்குச் சிவப்பாகத் தெரிகிறது.

20 டிசம்பர்

டிசம்பர் 26 மத்தியானம் அம்மா அப்பாவுக்கு ஒரு தட்டு வைப்பாள். சாம்பார், இரண்டு பொரியல், பாயசம். அது படையல் என்று சொன்னால் கோபம் வரும். "படையல் இல்ல. வந்தா சாப்பிடுவாரு."

இன்று சொன்னாள். "புள்ள, அன்னிக்கு அந்தப் பீட்ரூட்டுச் சோறு ரெண்டு வாங்கிட்டு வா. அவரு அதெல்லாம் பாத்ததே இல்ல."

சரிம்மா என்றேன். சரி என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தையே வருவதில்லை.

அப்பாவின் தட்டில். அந்தக் கடலின் மீன்.

21 டிசம்பர், பாம்பூஃப்ளாட்

யோசித்து யோசித்து இந்த முட்டாள்தனத்தில் வந்து நிற்கிறேன். பொய்யை மாற்ற முடியாவிட்டால் பண்டத்தை மாற்றிவிடலாம்.

"பீட்ரூட்டா?" ஒச்சப்பன் அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இந்தக் கத்தி என்னைய என்னா நெனைக்கும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டயர் கடையில் காற்றடிக்கும் சத்தத்துக்கு நடுவே, ஆறு நாற்காலியில் ஒன்றில் உட்கார்ந்து. அவர் என்னைப் பார்க்காமல் பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"செஞ்சு தாரேன். உப்புல ஊறவச்சு, ஆவி காட்டி, கலரு அப்படியே இருக்கும். ஆனா தாயி, நாக்க ஏமாத்த முடியாது. கண்ணத்தான் ஏமாத்தலாம்."

"பரவால்லண்ணே. அவங்க மீன் தின்னு இருவது வருசமாச்சு."

"அதுனாலதான் சொல்றேன்."

26 டிசம்பர்

மத்தியானம் ஒரு மணி. தட்டு வைத்தாயிற்று. பாயசத்துக்குப் பக்கத்தில் இரண்டு சிவப்புத் துண்டுகள். பார்த்தால் அச்சு அசல் அதேதான். அம்மா கொஞ்ச நேரம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு எப்போதும் போல, ஆறிடும் என்று சொல்லி நாங்கள் சாப்பிட ஆரம்பித்தோம். பெட்டியில் கூடுதலாக வாங்கியிருந்ததில் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

மெல்வது நின்றது.

"இது அது இல்ல."

"அதே கடைதாம்மா."

"இது இனிக்குது. அது இனிக்கல." மிச்சத்தைத் தட்டோரம் வைத்தாள். என்னைப் பார்த்தாள். "இதுதான் பீட்ரூட்டு. அது என்னா?"

அவள் கேட்ட விதத்தில் சந்தேகம் இல்லை. பயம் இருந்தது. பதிலை நான் சொல்லிவிடக் கூடாதே என்று இருந்தது. சொன்னேன்.

"சூரை."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். ஏழு வயதில் விழுந்த அறை இன்னொரு முறை விழும் என்று. எதுவும் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். வெளியே ஏர்போர்ட்டில் ஒரு விமானம் இறங்கியது. சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் பேசினாள்.

"அன்னிக்கு ஞாயித்துக்கெழம. உங்கப்பா கறி எடுக்கலாம்னாரு. கறிக்கட மேட்டுல. நாந்தான் சூரை வேணும்னேன். நாலு நாளா நாக்கு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இந்தக் குளுருல ஜெட்டிக்கா போகச் சொல்றன்னு சலிச்சுக்கிட்டாரு. அந்தத் தீவுல ஏது குளுரு? வம்புக்குச் சொல்லுவாரு. பையத் தூக்கிக்கிட்டுப் போனாரு."

நான் எழுந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொட விடவில்லை.

"நீ குளிச்சுக்கிட்டு இருந்தப்ப நாலு தின்னேன். அஞ்சாவத நீ பாக்கவே தின்னேன். நல்லாருந்துச்சு புள்ள. அவ்ளோ நல்லாருந்துச்சு. அதான்..."



அவர் உயிரோடு இருப்பதாக ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தாள் என்று இன்றுதான் தெரிந்தது. அவர் செத்திருந்தால், அனுப்பியது அவள். மீன்கள் எதைத் தின்றன என்ற பயங்கரம் எல்லாம் என்னுடையது. அவள் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. நான் அதை என் தலைக்குள் ஏழு வயதிலிருந்து வளர்த்து, அவளுடையது என்று நம்பியிருக்கிறேன்.

27 டிசம்பர்

அம்மா வேலைக்குப் போகவில்லை. என்னோடு பேசவில்லை. காபி மட்டும் போட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

மாலையில், துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "ஹட் பே கப்பல் என்னிக்கு?"

"நாளன்னிக்கு ஒண்ணு இருக்கும்மா."

"திங்கக்கெழம அமாவாச. ஆம்பளப் புள்ள இல்ல. நீதான் எள்ளும் தண்ணியும் விடணும்." பிறகு, அடுத்த துணியை எடுத்து உதறிக்கொண்டே: "கரையில நிப்பியா? கடலப் பாக்க மாட்டியே நீ."

இது அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"நிப்பேன்."

28 டிசம்பர்

லிஸ்ட்டை அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு கடை, நான்கு வரி. கௌதம் கேட்டான், "ஒண்ணே ஒண்ணா? படம் எங்க?" ஒண்ணே ஒண்ணுதான், படம் இல்லை என்று பதில் போட்டேன்.

ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுன்டரில் பெண்கள் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். டிக்கெட் இரண்டு, பங்க் வகுப்பில், படுக்கையோடு. அம்மா வாந்தி எடுப்பாள், அதற்கு மாத்திரை வாங்கினேன்.

வரும் வழியில் மளிகைக் கடையில் எள் கேட்டேன். "காலா யா சஃபேத்?" கருப்பா வெள்ளையா என்றார் கடைக்காரர்.

கருப்பு என்றேன். நூறு கிராம் கட்டிக் கொடுத்தார். துணிகளுக்கு நடுவே வைத்துப் பையை மூடினேன்.