கொடிகாமத்து லொறியில் என் படங்கள்

1984 பங்குனி 4, ஞாயிறு

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. காற்றே இல்லை. பக்கத்து ரியூசன் கொட்டிலில் இரசாயனம் தொடங்கியாயிற்று, ஒழுங்கை முழுக்கச் சைக்கிள் மணி. தலையிடி.

கொழும்பில் என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்த பிலோமினா ரயிலில் வந்தாள். குசுமா சொல்லியனுப்பிய செய்தியோடு. குசுமா மகளிடம் கண்டிக்குப் போகிறாளாம். அவள் வீடு கைமாறுகிறது. மாதம் முடிய முன்னர் படங்களை எடுத்துவிட வேண்டும்.

பாவம் குசுமா. போன ஆடிக் கலவரத்தில் என் வீட்டை உடைக்க வந்தவர்கள் தெருமுனையில் நிற்கும்போதே, பக்கத்துச் சிங்கள வீட்டிலிருந்து ஓடி வந்து படங்களைத் தன் வீட்டுக்குள் இழுத்துப் போட்டவள். நான் ஒரு பையோடு கப்பலேறி இங்கே வடக்கில் அண்ணை வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து அவை அவள் கட்டிலுக்குக் கீழே.

மொத்தம் ஆறு. ஓவியர் டெரிக் ஆஸ்திரேலியா போக முன்னர் வரைந்தவை மூன்று: பெரிய நீலம் (பலகையில் வரைந்தது, சுருட்ட முடியாது), சிவப்புக் கீற்றுகள், மஞ்சளில் கறுப்புக் கோடுகள். சாம்பல் நிறத்தில் இரண்டு. பெயரில்லாத சின்னது ஒன்று, வரைந்தவர் யாரென்று மறந்தே போயிற்று. எல்லாம் ஐம்பதுகளில். ஒன்றிலும் முகம் இல்லை, மரம் இல்லை, சாமி இல்லை. நிறமும் கை வீச்சும் மட்டும்.

சாப்பிடும்போது சொன்னேன்.

அண்ணை: "அந்தக் கிறுக்கலுகளை எடுக்கவோ இந்த நேரத்திலை கொழும்புக்கு ஆள் விடப் போறாய்?"

மச்சாள்: "கொண்டு வந்து எங்கை கொழுவப் போறீர்? உம்மடை அறையிலை அலுமாரி வைக்கவே இடமில்லை."

இடம் இருக்கிறது. கட்டிலை யன்னல் பக்கம் தள்ளினால் ஒரு முழுச் சுவர் வரும். பின்னேரமே தள்ளிவிட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது.

பங்குனி 7, புதன்

பஸ்ஸில் கொடிகாமம். சந்தைக்குள் சரியான சனம். லொறிக்காரத் தங்கராசாவைப் பிடித்தேன். மச்சாளின் ஊர்ப் பெடியன், முப்பத்தைந்து வயதிருக்கும். இங்கிருந்து தேங்காயும் மரக்கறியும் கொண்டுபோய், கொழும்பிலிருந்து கோதுமை மா ஏற்றி வருகிறவன்.

"படமெண்டா சாமிப்படமோ அக்கா?"

"இல்லைத் தம்பி. சும்மா நிறம்."

"நிறமோ?" சிரித்தான். "கண்ணாடி இல்லைத்தானே? அப்ப உடையாது. கொண்டு வாறன்."

கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி மலர் நிமிர்ந்தாள். "என்னெண்டு தெரியாத சாமானை ஏத்தாதேங்கோ எண்டு சொல்லுறனான். றோட்டிலை எத்தினை இடத்திலை மறிக்கிறாங்கள்."

"சும்மா இரப்பா. அக்கா என்ன குண்டே குடுத்து விடுறா?"

நானும் சிரித்தேன். குசுமாவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன்: சட்டத்திலிருந்து கழற்றிப் பாயில் சுருட்டவும், பெயின்ற் வெளிப்பக்கமாக.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடமில்லை. நின்றுகொண்டே வந்தேன். களைப்புத் தெரியவில்லை.

பங்குனி 13, செவ்வாய்

லொறி ஞாயிறு போயிருக்கும். இன்றோ நாளையோ திரும்ப வேண்டும்.

ஒன்றிலும் மனம் நிற்கவில்லை. பக்கத்துக் கொட்டிலில் நான் படிப்பிக்கும் இங்கிலிசு வகுப்பில் ஒரே வசனத்தை இரண்டு தரம் கரும்பலகையில் எழுதிவிட்டேன், பிள்ளைகள் சிரித்தார்கள். கோயிலுக்கென்று வெளிக்கிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். ஆணி வாங்கினேன். அடித்தேன். உயரம் சரியில்லை. பிடுங்கினேன். சுண்ணாம்பு கொட்டி அறை முழுக்கத் தூசி.

மச்சாள்: "என்ன, மாப்பிள்ளை வீட்டார் வருகினமோ?"

ஈரத்துக்குச் சாம்பல் படங்கள் பூஞ்சணம் பிடித்திருக்குமோ? சிவப்பு உதிர்ந்திருக்குமோ? இருபத்தைந்து வருஷம் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் அவற்றின் முன்னால் இருந்திருக்கிறேன். இங்கே வந்த பிறகு எங்கே இருந்தாலும் எழும்ப வேண்டும் போலிருக்கிறது.

பங்குனி 15, வியாழன்

உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். வாசல் படலையில் மலர். தலை வாரி இழுக்கவில்லை, காலில் செருப்பு இல்லை.

"அக்கா, அவரை ஆமிக் காம்பிலை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள். உங்கடை படத்தாலை."

லொறியில் கூட வந்தவனை விட்டுவிட்டார்களாம். அவன்தான் வந்து சொன்னது. சென்றியில் ஆமிக்காரர் பாயை விரித்துப் பார்த்திருக்கிறார்கள். மஞ்சளில் கறுப்புக் கோடுகள், இடையிடையே சிவப்புப் பொட்டுகள். இது என்ன வரைபடம், ஆருக்குக் கொண்டு போகிறாய் என்று கேட்டு அடித்தார்களாம்.

"நான் அண்டைக்கே சொன்னனான்," என்றாள். "சொன்னனானோ இல்லையோ?"

"சொன்னனீங்கள்."

"இப்ப நீங்கள்தான் வந்து சொல்ல வேணும் அது என்னெண்டு."

மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மலர் தொடவில்லை. சவர்க்காரக் கையோடு நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அண்ணை சாய்மனைக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். "பொம்பிளையள் காம்புக்குப் போறதோ? விசர்க்கதை கதையாதை," என்று என்னை ஏசினார். பிறகு எழும்பி உள்ளே போய், பென்சன் எடுத்த பிறகு தொடாத நீளக் காற்சட்டையைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தார்.

"விடிய முதல் பஸ். நானும் வாறன்."

பங்குனி 16, வெள்ளி

நடந்ததை எழுதிவிட வேண்டும்.

வெயிலில் நெடுநேரம் நிற்க வைத்தார்கள். மலரை வாசலோடு நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். அதிகாரி இளம் ஆள். மரியாதையாகக் கதிரை தந்தான். மேசையில் என் படம் விரித்தபடி. மூலைகள் சுருளாமல் இருக்கத் தேநீர்க் கோப்பைகள் வைத்திருந்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன். நிறம் மங்கவேயில்லை. அந்த இடத்தில் அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கக்கேடு.

சிங்களத்தில் கேட்டான்: "இது எந்த இடம்?"

"இடம் இல்லை. படம்."

"எதனுடைய படம்?"

கொழும்பில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் இதே கேள்வியைக் கேட்டால் சிரிப்பேன். எதனுடையதாகவும் இருக்கத் தேவையில்லை என்று அரைமணி நேரம் விளக்குவேன். இன்று சொன்னேன்: "ஒன்றினுடையதும் இல்லை. வெறும் கிறுக்கல். பெறுமதி இல்லாதது."

"பெறுமதி இல்லாததற்கா லொறி அனுப்பினீர்கள்?"

பின்னாலிருந்து அண்ணை இங்கிலிசில் தொடங்கினார். "சேர், இவள் கலியாணம் செய்யவில்லை. பிள்ளை குட்டி இல்லை. கொழும்பில் இவளுடைய வீட்டில் இந்தப் படங்கள்தான் இருந்தன. மற்றதெல்லாம் எரிந்துவிட்டது. எனக்கும் இதில் ஒன்றும் விளங்குவதில்லை. ஆனால் இவள் இதற்கு முன்னால் இருக்கும்போது பார்த்திருக்கிறேன்."

அண்ணை இரண்டே தரம்தான் என் கொழும்பு வீட்டுக்கு வந்தவர். எப்போது பார்த்தார்?

அதிகாரி படத்தை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். "நான் நம்புகிறேன் என்று வையுங்கள். எனக்கு மேலே இருப்பவர் நம்ப வேண்டுமே. இதை அவரிடம் அனுப்பினால் சாரதியையும் சேர்த்து அனுப்ப வேண்டும்." படத்தை என் பக்கம் தள்ளினான். "வெட்டிவிடுங்கள். துண்டு துண்டாக இருந்தால் வரைபடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்."

காம்பில் முடி வெட்டுகிறவனுடைய கத்தரிக்கோல் வந்தது. பெயின்ற் தடிப்பு, கத்தரி ஏறவில்லை. அண்ணை மறு முனையை இழுத்துப் பிடித்தார். மஞ்சள் செதில் செதிலாக அவருடைய காற்சட்டையில் விழுந்தது. குறுக்காக ஒரு தரம் வெட்டியதும் அதிகாரி "போதும்" என்றான். நான் நிற்பாட்டவில்லை. ஏனென்று தெரியாது. நான்காக்கினேன். அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கராசாவைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சேட் திறந்து கிடந்தது, தெறி ஒன்றுமில்லை. என்னைப் பார்க்கவில்லை. லொறியடிக்குப் போய் மூட்டைகளை மூடிய படங்கை உயர்த்தி, "மா நனையேல்லையே?" என்று கேட்டான். மலர் சத்தம் வைத்து அழுதாள்.

பங்குனி 17, சனி

வகுப்புக்குப் போகவில்லை. பெருவிரலில் கொப்பளம்.

அண்ணையிடம் நன்றி சொல்லப் போனேன். "காற்சட்டையிலை மஞ்சள் போகுதில்லை," என்றார். அவ்வளவுதான்.

அவனை அனுப்பியது நான். மலர் சொன்னதைக் கேட்டுச் சிரித்ததும் நான். முற்றத்தைக் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன்.

பங்குனி 21, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. பின்னேரம் ஒழுங்கையில் லொறிச் சத்தம். தங்கராசாவும் மலரும். பாய்ச் சுருள்களை அவனே தோளில் சுமந்து வந்தான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கண்ணைச் சுற்றி இன்னும் கறுப்பு.

மச்சாள் தேத்தண்ணி வைத்தாள். மலர் முன்போலவே தொடாமல் இருந்தாள்.

"ஒருக்கா விரியுங்கோ அக்கா, பாப்பம்," என்றான். சிவப்புக் கீற்றுகளைத் தரையில் விரித்தேன். குந்தியிருந்து பார்த்தான். நல்லாகவே பார்த்தான்.

"இதிலை என்ன அக்கா இருக்கு?"

"தெரியாது தம்பி. பாத்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"ம். சும்மா நிறம் எண்டுதான் நானும் அவங்களுக்குச் சொன்னனான். நம்பேல்லை."

என்னால் தலை நிமிர முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் கையை விசுக்கினான். "அதை விடுங்கோ. பெரிய படம் ஒண்டு அந்த அம்மாவின்ரை வீட்டிலை நிக்குது, நீலம். மாச் சாக்கு ஏத்தினதாலை பலகைக்கு இடம் காணேல்லை. வெள்ளிக்கிழமை திரும்பப் போறன். கொண்டு வந்து தாறன்."

பெரிய நீலம். நான் வாங்கிய முதல் படம்.

மலர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் தம்பி," என்றேன். "அது என்ரையில்லை. குசுமாவின்ரை."

"அந்த அம்மா உங்கடை எண்டெல்லோ சொன்னவ?"

"அவ மாறிச் சொல்லிப்போட்டா."

மலர் கோப்பையைக் கையில் எடுத்தாள். ஆறிப்போயிருக்கும். ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.