ஒட்டிப்போன கடைசிப் பக்கம்

சைனப்,

அம்பர்நாத்துக்கு வேலைக்குப் போகிறேன். வர எட்டு நாள் ஆகும். ரொட்டி இரண்டு எடுத்துக்கொண்டேன், மீதி டப்பாவில் இருக்கிறது.

நிசாவின் கதைப் புத்தகத்தில் தோல் துண்டில் வெட்டிய ஆமையை ஒட்டும்போது, "சோத்துப் பசை போதும்"னு நீ சொன்னாய். நான்தான் பட்டறையில் செருப்பு ஒட்டும் சொல்யூஷனைப் பூசினேன். கடைசி இரண்டு பக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. பிரிக்காதே, கிழிந்துவிடும். பள்ளிக்கூடத்துப் புத்தகம், டீச்சரிடம் நான் வந்து பேசுகிறேன்.

அழுத பிள்ளையை நான் அடித்திருக்கக் கூடாது. இன்னொரு ஆமை வெட்டி அவள் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். நூல் கட்டிக்கொடு, இழுத்து விளையாடட்டும்.

ஹனீப்

மறந்துவிட்டேன். "ஆமை வழி கண்டுபிடிச்சு வீட்டுக்குப் போயிருச்சா வாப்பா?" என்று அந்தக் கதை ஆமையைப் பற்றிக் கேட்டுத்தான் அழுதாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், ஒட்டிப்போன அந்தப் பக்கம்வரை நான் வரவில்லை.