இன்னும் பிடுங்காத வயர்

என்னங்க,

உள்ளே வந்ததும் முதலில் இதைப் படியுங்கள். லேப்டாப்பைத் தொட்டுவிடாதீர்கள்.

அதில் இடமே இல்லை என்று காலையில் சிடுசிடுத்தீர்களே, அதனால் நம் வாயாடியின் வீடியோக்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற உட்கார்ந்தேன். காப்பி கொடுப்பதற்குப் பதில் கட் கொடுத்துத் தொலைத்தேன். பாதியில் டிக் டிக்கென்று சத்தம் வந்தது, திரை அப்படியே நின்றுவிட்டது. எது இங்கே இருக்கிறது, எது அங்கே போனது என்று தெரியவில்லை. டிஸ்க்கின் நீல விளக்கு மட்டும் துடிக்கிறது.

ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ரெண்டு மணி நேரம் பாருங்கக்கா. அப்பவும் அசையலேன்னா வயரைப் புடுங்கித்தான் ஆகணும். என்ன மிஞ்சும்னு சொல்ல முடியாது" என்றார்.

ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. மேஜை ஆடிவிடுமோ என்று பக்கத்தில் நடக்கக்கூடப் பயமாக இருக்கிறது. வயர் வரைக்கும் கை போகிறது, திரும்பிவிடுகிறது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில், வாயாடியின் மூச்சு மெஷினை நிறுத்தலாம் என்று கையெழுத்துப் போட்டவள் நான். நீங்கள் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டீர்கள். அதைப் பற்றி இதுவரை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்தத் தடவை நீங்கள் பிடுங்குங்கள். நான் வெளியே நிற்கிறேன்.

வாயாடியின் அம்மா