பதினேழாம் டோக்கன்

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஈரத்துக்கு ஜெராக்ஸ் மிஷின் பேப்பரை மென்று துப்புகிறது. இடுப்பு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

இன்று வந்த போன் 43. பள்ளிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கொண்டுவராமலும் இந்தப் பிள்ளைகளால் இருக்க முடியாது. நடுவில் மாட்டியது எதிர்க்கடை நான். காலையில் வாங்கி, மரத்தட்டில் நம்பர் போட்ட அறையில் வைத்து, ஆளுக்கொரு தகர டோக்கன் கொடுத்து, சாயங்காலம் திருப்பித் தர வேண்டும். இதற்குக் காசு கிடையாது. போன் வைக்க வருகிறவர்கள் பேனாவும் கிராப் ஷீட்டும் வாங்குவார்கள். கடை ஓடுவது அதில்தான்.

மூன்று கேமரா போன் வைத்திருக்கிறவன் மெதுவாக, நாலு பேர் பார்க்க நீட்டுவான். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து சட்டென்று தட்டில் தள்ளிவிடுவான். என் மகள் தரணி பிளஸ் ஒன், இதே பள்ளி. அவளுக்குப் போன் இல்லை. போன வருஷம் முழுக்கக் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்தபோதே தேவலை.

மதியம் பெருமழை. கூரை ஒழுகிப் போன் தட்டின் மூலை முழுக்கத் தண்ணீர். நனைந்தது ஆறு. துடைத்துத் துடைத்துச் சார்ஜர் போட்டுப் பார்த்தேன். ஐந்துக்கு உயிர் இருக்கிறது. 17 அசையவில்லை. சார்ஜர் முனைகூட உள்ளே சரியாகப் போகவில்லை. ஈரத்தில் ஊறிவிட்டதோ என்னவோ.

17 அபிநயா. தரணியின் வகுப்பு. எப்போதும் சுருக்குப்பையில் போட்டு முடிச்சு போட்டுத் தருவாள். "ஆஃப் பண்ணிருக்கேங்க்கா, தொறக்க வேணாம்." ஆறு மாதமாக இதே வசனம். அப்பா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய விலை கூடின போன். சாயங்காலம் வாங்கியதும் காதில் வைத்து, "சரிப்பா, சாப்ட்டேம்ப்பா" என்று பேசிக்கொண்டே பஸ் ஸ்டாப் வரை போவாள்.

நாலரை மணிக்கு வந்தாள், கூட நாலு பேர். விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"பரவால்லக்கா, குடுத்துருங்க. நான் பாத்துக்கிறேன்."

"அதெப்புடித்தா? எங் கடையில நனைஞ்சது, நான்தான் சரி பண்ணித் தரணும்."

"வேணாங்க்கா, குடுங்க."

நான் தரவில்லை. என் ரோஷம் எனக்கு. பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றாள். தோழிகள்தான் இழுத்துக்கொண்டு போனார்கள்.

இரவு சோறு இறங்கவில்லை. தரணியிடம் சொன்னேன். "ம்" என்றாள், அவ்வளவுதான்.

நவ. 11, செவ்வாய்

மழை இல்லை, மூட்டம். வேலைகள்: கூரைக்குத் தார்ப்பாய். தைலம். கீரமங்கலம்.

மதியம் கடையைச் சாத்திவிட்டுக் கீரமங்கலம் போனேன். போன் சர்வீஸ் பார்க்கும் தம்பி ரபீக், தெரிந்த பிள்ளை. பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்திருந்தேன். குலசாமிக்கு வேண்டிக்கொண்டேன், ஒரு போனுக்கு.

ரபீக் கையில் வாங்கினான், திருப்பினான், சிரித்தான்.

"எங்கிட்டுக்கா புடிச்சீங்க இத? கடையில ஷோவுக்கு வைக்கிற டம்மிக்கா."

பிளேடால் நெம்பிக் காட்டினான். உள்ளே ஓர் இரும்புத் தகடு. முன்னால் கண்ணாடிக்குக் கீழே ஒட்டின படம்.

முதலில் கோபம்தான் வந்தது. நேற்றிலிருந்து ஒரு வாய் நிம்மதியாகத் தின்னவில்லை, இந்தத் தகரத்துக்காக. அபிநயா வந்ததும் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று பஸ் ஏறினேன். திருவரங்குளத்துக்குக் கோயில் பார்க்கப் போகிறோம் என்று பக்கத்து சீட்டில் ஒரு குடும்பம் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தில் திடீரென்று நினைப்பு வந்தது. தினமும் சாயங்காலம் அந்தப் பிள்ளை யாரிடம் பேசிக்கொண்டு போனாள்?

அப்புறம் கோபத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை.

நவ. 12, புதன்

வெயில். தார்ப்பாய் கட்டியாயிற்று. போன் 41.

காலையில் பக்கத்துச் சமோசாக் கடைக்காரன் சொன்னதை எழுதி வைக்கலாம்: "ஒங்களுக்கு எதுக்குக்கா இந்தத் தலைவலி, பேசாம சமோசா போடுங்க."

சாயங்காலம் அபிநயா வந்தாள். தனியாக வருவாள் என்று பார்த்தேன். இல்லை, ஏழெட்டுப் பேர் கூட. வகுப்பு லீடர் பையன் மதிவாணனும். வேடிக்கை பார்க்கத்தான்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

மனதுக்குள் வேறு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்:

"சரி பண்ண முடியலத்தா. தண்ணி எறங்கி உள்ள எல்லாம் போயிருச்சாம். என் தப்புதான். கூரைய முன்னாடியே பாத்துருக்கணும்."

சுருக்குப்பையை இரண்டு முடிச்சு போட்டுக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

பின்னால் மதிவாணன்: "டேய், அவ்ளோ பெரிய போனையே காலி பண்ணிருச்சுடா அக்கா."

நவ. 13, வியாழன்

போன் 22.

ஒரு நாளில் பாதி. மீதிப் பேர் சமோசாக் கடையில் கொடுக்கிறார்களாம். எண்ணெய்ப் பக்கத்தில். கொடுக்கட்டும்.

ஒரு பையனின் அப்பா பைக்கை நிறுத்தாமலே கேட்டார்: "பொறுப்பாப் பாத்துக்க முடியாதவங்க ஏம்மா வாங்கி வைக்கிறீங்க?" இருபது வருஷமாக இந்த ரோட்டில் கடை. ஒரு பென்சில் மாறிப் போயிற்று என்று யாரும் சொன்னதில்லை.

தரணி வீட்டில் பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வகுப்பில் என்னைப் பற்றி அவளே பேசினாளாம், பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது: "எங்கம்மாவுக்கு எதையும் ஒழுங்கா வைக்கத் தெரியாது."



உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? ஒரு வரி போதும். ஆனால் தரணி பதினாறு வயது. கோபத்தில் வகுப்பில் விட்டுவிட்டால்? அந்தப் பிள்ளை பிறகு பஸ் ஏற மாட்டாள்.

சொல்லவில்லை.

நவ. 14, வெள்ளி

குழந்தைகள் தினம். மைக்கில் காலையிலிருந்து டான்ஸ் பாட்டு. போட்டோ எடுப்பதற்காக இன்று போன் உள்ளே கொண்டுபோக அனுமதியாம். ஆக, போன் 0. மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு சாக்கு.

மதியம் பத்துப் பேர் திரண்டு வந்தார்கள். முன்னால் மதிவாணன், நடுவில் அபிநயா, கடைசியில் தரணி. என் பெண்ணும் அந்தக் கூட்டத்தில்.

"அக்கா, தப்பு ஒங்க மேலங்கிறீங்க. அப்ப புதுசு வாங்கிக் குடுக்கணும்ல? அவ கேக்க மாட்டேங்குறா, நாங்க கேக்குறோம்."

வாய் வரை வந்துவிட்டது. "கேளுங்கடா, அது என்னன்னு..." என்று தொடங்கினேன். மிஷினில் பேப்பர் சிக்கியது. திரும்பி அதை உருவினேன். உருவி முடிக்கிறவரை யோசிக்க நேரம் கிடைத்தது. சிக்கின பேப்பருக்கு முதல் முறையாக நன்றி.

திரும்பியபோது அபிநயா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. ஆறு மாதமாக அவள் கையிலிருந்த பையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"தவணையில வாங்கித் தாரேண்டா" என்றேன். எங்கிருந்து என்று எனக்கே தெரியாது.

"வேணாம்" என்றாள் அபிநயா. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு இனிமே போனே வேணாம். ப்ளஸ் டூ முடியிற வரைக்கும் வேணாம்னு அப்பாட்ட சொல்லிட்டேன்."

கூட்டம் கலைந்தது. தரணி போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை வைத்துச் சோறு பொங்கலாம்.

நவ. 15, சனி

லீவு. மழை. துணி காயவில்லை. தரணி அறைக்குள். மொத்தப் பேச்சு: "உப்பு கொஞ்சம் கம்மி."

நவ. 17, திங்கள்

போன் 9.

அபிநயா காலையில் தனியாக வந்தாள். கையில் பை இல்லை. "கிராப் ஷீட் ஒண்ணுக்கா." கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றாள். "இன்னொண்ணு" என்றாள். அதையும் கொடுத்தேன். மணி அடித்தது. "வாரேங்க்கா" என்று ஓடினாள். இன்று பிளஸ் ஒன்னுக்குக் கணக்குப் பாடமே இல்லை, டைம்டேபிள் எங்கள் வீட்டுச் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது.

17ஆம் அறையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ஒன்பது போனுக்கு அறைக்கா பஞ்சம்.

இரவு. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். தாங்க முடியவில்லை. தோசையைத் திருப்பியபடியே சொன்னேன், "நீயும் அன்னைக்கு அவங்களோட வந்து நின்ன பாரு, அத மட்டும் என்னால மறக்க முடியாது."

தரணி தட்டைக் கீழே வைத்தாள்.

"அது டம்மின்னு எனக்குத் தெரியும்மா."

கரண்டி கையிலேயே நின்றது.

"ஜூலையிலயே தெரியும். பஸ்ல கீழ விழுந்துச்சு, நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவங்கப்பா சிங்கப்பூர்ல எல்லாம் இல்ல. எங்க இருக்காருன்னே தெரியாது அவளுக்கு."

"அப்ப எதுக்குடி எம் மேல பாஞ்ச? வீட்லயும் பேசாம?"

"கிளாஸ்ல நான் ஒன்னையத் திட்டலன்னா சந்தேகம் வந்துரும். வீட்ல..." தட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். "ஒனக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா கடைக்காகச் சொல்லிருவியோன்னு பயந்தேன். அதான் அன்னைக்குக் கூடவே வந்தேன். நீ வாயத் தொறந்தா கத்தி அமுக்கிரலாம்னு."

தோசை கருகிவிட்டது. அதையே பிய்த்துத் தின்றாள்.